பிறந்த வீட்டுக் கோடி

பிப்ரவரி 28, வெள்ளி

இன்றோடு கடை முடிந்தது. கடை இருக்கிறது, நாங்கள்தான் இல்லை. பட்டுப் பிரிவுக்கு இனி இத்தனை ஆள் வேண்டாமாம். செல்போனில் படம் பார்த்து வாங்குகிறவர்களுக்குப் பொட்டலம் கட்ட நாலு சின்னப் பிள்ளைகள் போதுமாம். நாற்பதைத் தாண்டியவர்களை எல்லாம் மேல் மாடிக்கு வரச் சொல்லி, ஆளுக்கொரு இனிப்புப் பெட்டி கொடுத்து, முதலாளி மகன் கையெடுத்துக் கும்பிட்டான். நல்ல பையன்தான். கும்பிட்ட கையோடு கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டான்.

இருபத்திரண்டு வருடமாக நானும் தங்கபுஷ்பமும் தோளில் போட்டுக் காட்டிய சேலைகளை நீளவாக்கில் விரித்தால் எதுவரை போகும் என்று அவள் கணக்குப் போட்டாள். "திருச்செந்தூர் வரைக்கும் போவும் ஆவுடை. அங்க நிக்காம கடல்ல போயி விழும்" என்றாள். படியிறங்கிக்கொண்டிருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளோடு ஒரே விற்பனை மேடையில் நின்ற இத்தனை வருடத்தில் அவள் பேச்சுக்கு நான் சிரிக்காதது இதுதான் முதல் தடவை.

தினமும் சாயங்காலம் இருப்புச் சீட்டு எழுதிப் பழகிய கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மார்ச் 1, சனி

பூக்காரி வழக்கம்போல ஒரு முழம் அளந்து நீட்டினாள். வேண்டாம் என்றேன்.

மார்ச் 6, வியாழன்

எனக்கு உட்காரத் தெரியவில்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். கடையில் ஆள் இல்லாத நேரத்திலும் நின்றுகொண்டுதான் இருப்போம். உட்கார்ந்தால் கேமராவில் தெரியும். இப்போது வீட்டில் நின்றபடியே காபி குடிக்கிறேன், நின்றபடியே காய் நறுக்குகிறேன், டிவி கூட நின்றபடிதான். ரஞ்சனி பார்த்துவிட்டு, "யம்மா, உக்காரேன். இங்க யாரும் ஒனக்கு மெமோ குடுக்கமாட்டாவ" என்றாள். உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் மறுபடி நின்றுகொண்டிருக்கிறேன்.

ஜங்ஷன் பக்கம் ஐந்தாறு கடை ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் எழுந்து நின்று, "யக்கா, ஒங்ககிட்ட பில்லு போடப் படிச்சவன் நான். ஒங்களுக்கு நான் வேலை சொல்ல முடியுமா?" என்று நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். மரியாதையாக விரட்டுவதை இன்றுதான் பார்த்தேன். டீ நன்றாக இருந்தது.

வீட்டுப் பீரோவை மூன்றாவது தடவையாக அடுக்கிவிட்டேன். சொல்லப்போனால் பயமாக இருக்கிறது. நாற்பத்தொன்பது வயது. யாரும் கூப்பிடாத ஒரு ஆளாக இன்னும் எத்தனை காலம் இருக்க வேண்டுமோ.

மார்ச் 19, புதன்

ரஞ்சனி முன்னறையில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிறாள். இப்போது முகூர்த்தச் சேலையை முதல் நாளே கொசுவம் எடுத்து, முந்தியை மடித்து, இஸ்திரி போட்டு, கிளிப் குத்திப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். மறுநாள் பெண்ணுக்குச் சுற்றிவிட்டால் போதும், மாவுப் பொம்மை மாதிரி விறைப்பாக நிற்கும். இதுவரை வண்ணார்பேட்டையில் ஒரு பெண்ணிடம் கொடுத்துச் செய்துகொண்டிருந்தாள்.

"நீயே மடியேன்" என்றாள் இன்று. என் முகத்தைப் பார்க்காமல், சீப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். என் மகள் நல்லது செய்யும்போது முகத்தைப் பார்க்கமாட்டாள். அவள் அப்பாவும் அப்படித்தான்.

மேசையில் அரக்குப் பட்டு ஒன்றை விரித்தேன். மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக விரல் அகலம் பிசகாமல் விழ விழ, மூன்று வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனது. ஒரு நாள் முழுக்க நின்றேன். இன்றைக்கு நின்றதற்குக் காரணம் இருந்தது.

ஏப்ரல் 10, வியாழன்

தங்கபுஷ்பம் போன் செய்தாள். வயிற்றில் ஒரு கட்டியாம். "பிள்ளையே தங்காத வயித்துல இப்பப் போயி ஒண்ணு வளருது ஆவுடை. பேரு வைக்கணும், யோசிச்சு வையி" என்றாள். சீ, வாயைக் கழுவு என்றேன்.

சின்னதுதான் என்று டாக்டர் சொன்னாராம். சின்னதுக்கு ஏன் மதுரைக்குப் போகச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

மே 9, வெள்ளி

பாளையங்கோட்டையில் ஒரு மண்டபம். நான் மடித்த சேலையை நானே போய்ச் சுற்றிவிட்டேன். பெண் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. வாங்கப்போகிறவள் பேசமாட்டாள், பேசுகிறவள் வாங்கமாட்டாள் என்று கடையில் சொல்வோம். அந்த மௌனத்தில் எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

அப்போது பெண்ணின் அம்மா என்னிடம், "ஒங்க வீட்டுக்காரவிய என்ன பண்ணுதாவ?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் ரஞ்சனி, "அப்பா சென்னையில ஒரு கம்பெனியில இருக்காவ" என்றாள்.

அவருக்குச் சென்னையில் வேலை கிடைத்த செய்தி எனக்கு இன்றுதான் தெரியும். ஆறு வருடத்துக்கு முன்னால் சிந்துபூந்துறையில் எரித்துவிட்டு வந்தோம். எழுந்து ரயிலேறிவிட்டார் போல.

மகளைக் குற்றம் சொல்ல முடியாது. முகூர்த்தச் சேலையைத் தொடுகிறவள் யார் என்று பார்க்கத்தான் செய்வார்கள். கடையில் இந்த வம்பு இல்லை. பொட்டும் பூவும் யூனிஃபார்மோடு சேர்ந்தவை. பதினாறு கழிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று மேற்பார்வைப் பையன், "யக்கா, பொட்டு வச்சிக்கிடுங்க, பட்டு செக்ஷன்லா" என்றான். அன்றிலிருந்து தினமும் காலையில் பூ வாங்கித் தலையில் வைப்பேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொள்வேன். பூ எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதை யாரிடமும் சொன்னதில்லை.

மே 22, வியாழன்

நாலு வீடு தள்ளி ராஜலெட்சுமி டீச்சர் இறந்துவிட்டார்கள். மகன்கள் பெங்களூரிலிருந்து வந்துவிட்டார்கள். துட்டி கேட்கப் போனேன்.

செத்தவளுக்கு எத்தனை வயதானாலும் கடைசிச் சேலை பிறந்த வீட்டிலிருந்துதான் வரவேண்டும். அதுதான் கோடி. டீச்சரின் தம்பி தென்காசியிலிருந்து முதல் பஸ்ஸுக்கு வந்திருந்தார். கடை திறக்காத நேரம், வெறுங்கையோடு வந்துவிட்டேனே என்று நடையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். கடை திறந்ததும் நான் எடுத்து வருகிறேன் என்றேன். நாக்கு பழக்கத்தில் கேட்டுவிட்டது: "அவியளுக்கு என்ன கலரு புடிக்கும்?"

தம்பி மூத்த மகனைப் பார்த்தார். மூத்தவன் இளையவனைப் பார்த்தான். இளையவன் மனைவியைப் பார்த்தான். டீச்சரின் கணவர் விட்டத்தைப் பார்த்தார். ஒருவருக்கும் தெரியவில்லை. பீரோவைத் திறக்கச் சொன்னேன். பண்டிகைக்கு எடுத்தவை லேபிளோடு அடுக்கியபடி இருந்தன. நடுத்தட்டில் ஒரு இலைப்பச்சைச் சேலை மட்டும் மடிப்பு ஓரமெல்லாம் வெளுத்துக் கிடந்தது. திரும்பத் திரும்ப உடுத்தினால்தான் மடிப்பு அப்படி வெளுக்கும். இலைப்பச்சையே எடுத்து வந்தேன்.

குளிப்பாட்டிய பிறகு மருமகள்கள் அந்தச் சேலையைப் போர்வை மாதிரி மேலே போடப் போனார்கள். விறைத்த உடம்புக்கு வேறெப்படிக் கட்டுவது என்றார்கள். எனக்குத் தாங்கவில்லை. நாற்பது வருடம் மடிப்புக் கலையாமல் பள்ளிக்கூடம் போன அம்மா. வீட்டுக்கு ஓடிவந்து, கல்யாணப் பெண்ணுக்குச் செய்வது போலவே கொசுவம் எடுத்துக் கிளிப் குத்திக் கொண்டுபோனேன். ஒருபக்கம் சாய்த்து உடலைச் சுற்றி, மடித்துவைத்த கொசுவத்தை அப்படியே செருகி, முந்தியைத் தோளில் போட்டால் முடிந்தது. பெரிய மகன் பார்த்துவிட்டு, "அம்மா எங்கயோ வெளிய கிளம்புன மாதிரி இருக்கு" என்று சொல்லி, அதற்குப் பிறகுதான் அழுதான்.

அங்கேதான் என் மானம் போனது. புறப்படும்போது துட்டி வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் வரவேண்டும் என்பது சின்னக் குழந்தைக்குக் கூடத் தெரியும். சேலையைக் கட்டிக் கொடுத்த திருப்தியில் நான் கைகூப்பி, "ரொம்ப சந்தோசம், மறுபடியும் வாங்க" என்று சொல்லிவிட்டேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம். கூடம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. டீச்சரின் கணவர் மட்டும் எங்கேயோ பார்த்தபடி, "வாரோம்மா" என்றார்.

ஓட்டமாக வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. யாருக்காக வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

ஜூன் 9, திங்கள்

மூன்றாவது துட்டி வீடு இது. டீச்சர் வீட்டில் பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். போன் வந்ததும் கலர் கேட்கிறேன். "அம்மாவுக்கு எல்லாக் கலரும் புடிக்கும்" என்றான் இன்று ஒரு மகன். தெரியாது என்பதை இப்படியும் சொல்லலாம். ஒருத்தியோடு ஆயுசு முழுக்க ஒரு கூரைக்குக் கீழ் இருந்துவிட்டு, அவள் பீரோவை நான் வந்து மோப்பம் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆண்களை என்ன சொல்ல.

இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது என்பதை இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன். கல்யாணப் பெண்ணுக்குச் சேலை கட்ட ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள். இவர்களுக்குக் கட்டிவிட ஒருவரும் இல்லை. இங்கே யாரும் என் நெற்றியைப் பார்ப்பதில்லை. கட்டி முடித்து நிமிரும்போது, ஒரு ஆளுக்குச் செய்ய வேண்டியதைக் குறைவில்லாமல் செய்துவிட்டோம் என்று மனம் அமைதியாகிவிடுகிறது. கடையில் எத்தனை விற்ற நாளிலும் இப்படித் தூங்கினதில்லை.

ஜூன் 24, செவ்வாய்

இதுவும் வந்து சேர்ந்தது. ஆனி முகூர்த்தத்துக்குப் பேசிவைத்திருந்த ஒரு பெண்ணின் அம்மா, முன்பணத்தைத் திருப்பி வாங்க வந்தாள். "பொணத்துக்குக் கட்டுத கையால எம் மவளுக்குக் கட்டணுமா?" என்று பார்லர் வாசலில் நின்று கேட்டாள். உள்ளே இரண்டு பெண்கள் முகத்தில் பூசியபடி உட்கார்ந்திருந்தார்கள்.

ரஞ்சனி ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. பிறகு சொன்னாள்: "யம்மா, நான் ஒன்னைய தப்புன்னு சொல்லல. ஆனா இந்தப் பார்லரு என் கையும் காலும். கடன வாங்கி நானே நின்னு கட்டுனது. அப்பா இருந்தா வேற. இப்ப நீ ரெண்டுல ஒண்ணு சொல்லு."

நான் நிறுத்திவிடுகிறேன் என்றேன். வேறென்ன சொல்ல. அவள் பிழைப்பு அது.

ஜூலை 22, செவ்வாய்

ஆடி பிறந்துவிட்டது. கல்யாணத்துக்குத்தான் ஆடியில் லீவு. இன்று பேட்டையிலிருந்து ஒரு போன். சின்ன வயதுப் பெண்ணாம், முதல் பிரசவமாம். முடியாது, கை சுளுக்கிவிட்டது என்றேன். கையில் ஒரு சுளுக்கும் இல்லை.

அந்தப் பிள்ளையின் மேல் சேலையைச் சும்மா போட்டுத்தானே தூக்கியிருப்பார்கள். நாள் முழுக்க அதுவே மனதில் ஓடியது. சாயங்காலம் இஸ்திரிப் பெட்டியில் விரலைச் சுட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தச்சநல்லூர் போய்த் தங்கபுஷ்பத்தைப் பார்த்தேன். மதுரையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் கணவர் சேர்மதுரை லோடு ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு அவள் கூடவே இருக்கிறார். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். சாற்றை மட்டும் உறிஞ்சிவிட்டுச் சக்கையைக் கையில் வைத்துக்கொண்டாள். வளையல் முழங்கை வரை ஏறுகிறது.

அவளுக்குப் பிறந்த வீடு களக்காடு பக்கம். சேர்மதுரை வேறு சாதி என்று அண்ணன்கள் கல்யாணத்தன்றைக்கே அவளைச் செத்தவளாக்கித் தலை முழுகிவிட்டார்கள். அதற்குப் பிறகு எட்டிப் பார்த்ததில்லை.

"எங்க அண்ணமாருக்கு ஒரு லாபம் பாத்தியா ஆவுடை? ஏற்கெனவே தலை முழுகியாச்சு. இனி நான் போனா அந்தத் தண்ணிச் செலவும் மிச்சம்" என்றாள். பிறகு, "கோடி எடுத்துட்டு ஒருத்தரும் வரமாட்டாவ. சவத்த விடு. எதையாவது போட்டு மூடுனாச் சரி" என்றாள்.

கிறுக்கி மாதிரிப் பேசாதே, ஆவணி பிறந்ததும் எழுந்து நடப்பாய் என்றேன். அவள் சிரித்தாள். இத்தனை வருடம் வாடிக்கையாளர்களிடம் எத்தனையோ பொய் சொன்னவள் நான். இது அவளிடம் செல்லவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ரஞ்சனிக்குப் பெரிய இடத்துக் கல்யாணம் ஒன்று கிடைத்திருக்கிறது, வரும் வெள்ளிக்கிழமை. பெண்ணோடு சேர்த்து வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் அலங்காரம். இது நல்லபடியாக முடிந்தால் ஆவணி, ஐப்பசி எல்லா முகூர்த்தமும் தேடி வரும் என்கிறாள். வீட்டில் மூன்று நாளாகச் சிரிப்புச் சத்தம். மேசை மேல் ஏழு பட்டுச் சேலை. நான்தான் மடிக்கிறேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

டைரி வீட்டில் இருக்கிறது. சேர்மதுரை கிழித்துக் கொடுத்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுகிறேன்.

நேற்றுப் பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டைக்கு மாவு கிளறிக்கொண்டிருந்தபோது சேர்மதுரை போன் செய்தார். "மதினி" என்றார். அடுப்பை அணைத்தேன்.

ரஞ்சனி குறுக்கே வந்து நின்றாள். "போ. நான் தடுக்கல. ஆனா துட்டி கேட்டுட்டு, குளிச்சிட்டு வந்துரு. வெள்ளிக்கெழம இருக்கு" என்றாள். சரி என்றுதான் கிளம்பினேன்.

தச்சநல்லூரில் அவள் முகத்தைப் பார்த்தேன். அதைப் பற்றி எழுதமாட்டேன்.

களக்காட்டுக்கு ஆள் போயிருந்தது. அண்ணன்மார் வீட்டுக் கதவு திறக்கவில்லை என்று மதியத்துக்கு முன் தகவல் வந்துவிட்டது. குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவர நீர்மாலைக் குடம் தயாராக இருந்தது. சேர்மதுரையின் அக்காள் பெரியநாயகம் மட்டும், "பொறந்த வீட்டுக் கோடி வராம எப்படித் தூக்குதது? நாதியத்தவளா அவ?" என்று புலம்பிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் பக்கத்துக் கடையில் எதையாவது வாங்கிப் போடலாம் என்று பேசினார்கள்.

நான் எழுந்து கடைக்குப் போனேன். எங்கள் கடை இல்லை, வேறு கடை. சின்னப் பெண்ணொருத்தி ஒவ்வொன்றாகத் தன் தோளில் போட்டுக் காட்டி, "என்ன கலரு பாக்கீய?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை.

இருபத்திரண்டு வருடம் தோளோடு தோள் நின்றவள். இரண்டு பேரும் வருடம் முழுக்க ஒரே மெரூன் யூனிஃபார்ம். ஆயிரம் சேலை விற்றவளுக்கு எது பிடிக்கும் என்று ஒருநாள் கூட நான் கேட்டதில்லை. ஊரான் வீட்டு மகன்களையும் புருஷன்களையும் பற்றி டைரியில் என்னென்ன எழுதினேன். மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்தாள். சேர்மதுரைக்குப் போன் போட்டேன்.

யோசிக்கவே இல்லை அவர். "கத்திரிப்பூ கலரு மதினி. அரக்கு பார்டரு போட்டது. ஒங்க கடையில மேல்தட்டுல ஒண்ணு ரொம்ப நாளு விக்காம கெடந்துச்சாம். வித்துரக் கூடாதுன்னு நேந்துக்கிடுவேன்னு சொல்லுவா. பொறவு வித்துட்டுன்னு ஒருநா சோறு திங்காமப் படுத்துக்கிட்டா." லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அவருக்குத் தெரிந்திருந்தது.

கத்திரிப்பூவில் அரக்குக் கரை போட்டது கிடைத்தது. தேங்காய், பழம், பூ, மஞ்சளோடு தாம்பாளத்தில் வைத்து எடுத்துக்கொண்டு தெருமுனையிலிருந்து நடந்தேன். பிறந்த வீட்டுக்காரர்கள் அப்படித்தான் வருவார்கள். வாசலில் ஒரு பெரியவர் மறித்து, "யாரு வீட்டுக் கோடி?" என்று கேட்டார். அது முறை. கேட்டுத்தான் உள்ளே விடுவார்கள்.

அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது. கூட வேலை பார்த்தவள் என்று சொன்னால், சேலையை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கட்டிவிட்டுக் குளித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். பிறந்த வீடு என்று சொன்னால் பதினாறு கழியும் வரை தீட்டு எனக்கும், என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் என் மகளுக்கும். பட்டுச் சேலையைத் தொட முடியாது. கல்யாண வீட்டுப் படி ஏற முடியாது. ஆவணி முழுக்கப் போய்விடும். வெள்ளிக்கிழமை போய்விடும்.

"பொறந்த வீட்டுக் கோடி" என்றேன். "நான் அவ தங்கச்சி."

பெரியவர் வழிவிட்டார். பெரியநாயகம் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

மடித்து எடுத்துவர நேரமில்லை. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் முழங்காலிலேயே கொசுவம் எடுத்தேன். இரண்டு தடவை கலைந்து மூன்றாவது தடவை சரியாக விழுந்தது. கட்டி முடித்ததும் சேர்மதுரை வந்து பார்த்தார். முந்தியை ஒரே ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் ரஞ்சனிக்குப் போனில் சொன்னேன். "அப்ப நீ அங்கயே இரு. வீட்டுக்கு வராத" என்றாள். மகளின் சேலை வேலை கெடாமலிருக்க அதுதான் வழி என்று எனக்கும் பட்டது. ஆனாலும் அந்த வார்த்தை நெஞ்சில் நிற்கிறது.

இன்று சுடுகாட்டில் பால் தெளித்துக் காடாத்து முடிந்தது. நாளை மதியம் பிறந்த வீட்டுச் சோறு வரவேண்டும் என்கிறாள் பெரியநாயகம். துட்டி வீட்டில் அடுப்பு எரியாது. பிறந்த வீட்டிலிருந்து வடித்துக் கொண்டுவந்து போட்டால்தான் இங்கே எல்லோரும் கை நனைப்பார்களாம். எந்த அடுப்பில் வடிப்பேன்? மெஸ்ஸில் சொல்லிவிட வேண்டியதுதான். மெஸ் சோற்றைப் பிறந்த வீட்டுச் சோறு என்று எப்படிப் பரிமாறுவது என்று நினைக்கும்போதே கூச்சமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

காலையிலிருந்து தெருவில் எங்கேயோ மேளச் சத்தம். நல்ல முகூர்த்தம். ரஞ்சனி இந்நேரம் மண்டபத்தில் இருப்பாள், பெண்ணுக்கு நான் மடித்த சேலையைச் சுற்றிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். மெஸ்காரனுக்குப் போன் செய்யலாம் என்று எழுந்தபோது வாசலில் ஆட்டோ நின்றது.

முதலில் எங்கள் வீட்டுப் பெரிய அலுமினியச் சட்டி இறங்கியது. பிறகு குழம்புத் தூக்கு. அதன் பின்னால் ரஞ்சனி. மையில்லை, பவுடர் இல்லை, ஈரத்தலையைச் சும்மா முடிந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஆட்டோக்காரரோடு சேர்ந்து சட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக உள்ளே வந்தாள்.

பெரியநாயகம் எழுந்து, "எந்த வீட்டுச் சோறு மக்கா இது?" என்று கேட்டாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பொறந்த வீட்டுச் சோறு" என்றாள் என் மகள். "நான் அவிய தங்கச்சி மவ."

அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து என் பக்கத்தில் வந்து, தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "அந்தக் கல்யாணப் பொண்ணு என்ன பாவம் செஞ்சா? வண்ணார்பேட்டைக்காரிய அனுப்பிட்டேன். அவளே முடிச்சிருவா. ஆவணிக்குப் பேசுன மத்தவியகிட்டயும் சொல்லியாச்சு."

"இனி கூப்பிடமாட்டாவட்டி" என்றேன்.

"தெரியும்" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நேத்து தனியாப் படுத்துக் கெடந்தேன்மா. ஒனக்கு இப்படி ஒண்ணு ஆனா யாரு வருவான்னு பாத்தேன். எனக்கு ஒண்ணு ஆனா யாரு வருவான்னும் பாத்தேன்" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கரி பட்டு, அரிசி வடித்த சூட்டில் விரல் சிவந்திருந்தது.

பெரியநாயகம் இலை போட்டாள். முதல் இலையில் சேர்மதுரையை உட்காரவைத்தோம். ரஞ்சனி பரிமாறினாள். சோறு குழைந்திருந்தது, குழம்பில் உப்பு கூடுதல். அவளுக்கு இத்தனை பேருக்கு வடித்துப் பழக்கமில்லை. எல்லோரும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள்.